ஓட்டை போட்ட டின்

போன தீபாவளிக்கு முன்பு, புந்தோங்கில் பாட்டி வீட்டு அடுக்களையைச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. அலமாரிக்கு மேலே, அடுப்புக்குக் கீழே, ஐஸ்பெட்டிக்குப் பின்னால், எங்கே பார்த்தாலும் டப்பாக்கள். மார்ஜரின் டப்பாவில் கடுகு. ஐஸ்கிரீம் டப்பாவில் கருவாடு. சிவப்பு மூடி போட்ட கச்சாங் பூத்தே டப்பாவில் மிளகாய்த்தூள். கடையில் சோறு கட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக முப்பது நாற்பது. எல்லாவற்றையும் அள்ளி இரண்டு குப்பைப் பைகளில் கட்டினேன். அந்த மாதிரிப் பெட்டிகளுக்கு அச்சு வடிவமைப்பதுதான் என் தொழில். ஒரு முறை பயன்படுத்தி எறிவதற்காகச் செய்த பொருளை எறிவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

பாட்டி பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அரிசி வாளிக்குள் கிடந்த துரு ஏறிய பால் டின்னை எடுத்தபோதுதான் எழுந்து வந்தார்.

“அதத் தூக்கிப் போட்டுட்டா நாளைக்கு அரிசிய எதால அளப்ப?”

கிலோ கணக்கில் அளக்கலாமே என்றேன்.

“கிலோ கடைக்காரனுக்குடா. சோத்துக்கு டின்னுதான்.”

மலேசியாவில் எடை அளவைச் சட்டம் வந்தது 1972இல். காத்தியும் தாயிலும் மெல்ல மெல்லக் கடைகளை விட்டுப் போயின. பாட்டியின் அரிசி வாளிக்குள் அந்தச் சட்டம் இன்னும் நுழையவில்லை. ஆளுக்கு அரை டின், விருந்தாளி வந்தால் ஒரு டின் கூட. அந்த டின் எத்தனையாவது டின் என்று அவருக்கே தெரியாது. ஒன்று துருப்பிடித்து ஓட்டையானால் இன்னொன்று வரும். அளவு மட்டும் மாறாது. இது நம்மூர்ப் பழக்கம் மட்டும் இல்லை. பர்மாவில் கெட்டிப்பால் டின் ஓர் அளவையாகவே நிலைத்துவிட்டது. எட்டு டின் சேர்ந்தால் அவர்களுக்கு ஒரு ‘பியீ’.

அந்த டின் எங்கிருந்து வந்தது என்று தேடப்போனேன். தேடல் சுற்றிச் சுற்றி என் ஊருக்கே வந்து நின்றது.

*

பேராக்கில் நாம் ஈயம் என்று சொல்வது வெள்ளீயத்தை. 1880களில் கிந்தா பள்ளத்தாக்கில் அதைத் தேடிச் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். ஈப்போ அந்த மண்ணைத் தோண்டித்தான் ஊரானது. 19ஆம் நூற்றாண்டு முடியும்போது உலகத்தின் வெள்ளீயத்தில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரின் புலாவ் பிரானியிலும் உருக்கிக் கட்டிகளாக்கிக் கப்பலேற்றினார்கள்.

அவ்வளவு ஈயத்தையும் வைத்து என்ன செய்தார்கள்? பெரும்பங்கு போனது இரும்புத் தகட்டுக்குப் பூச்சாக. பீட்டர் டுராண்ட் இங்கிலாந்தில் உணவுத் தகரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1810இல். அமெரிக்காவில் கெயில் போர்டன் கெட்டிப்பாலுக்குக் காப்புரிமை பெற்றது 1856இல். பத்து ஆண்டு கழித்து சுவிட்சர்லாந்தில் ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் நிறுவனம் தொடங்கியது. பிறகு நெஸ்லேயோடு இணைந்த அந்த நிறுவனம் 1912இல் பினாங்கில் கடை திறந்தது. தலையில் பால் வாளி சுமக்கும் பெண்ணின் படம் போட்ட அதன் டின்னை நம் மக்கள் ‘சாப் ஜுன்ஜோங்’ என்றே கேட்டு வாங்கினார்கள்.

கிந்தா மண்ணிலிருந்து கப்பலேறிப் போன ஈயம், ஒன்றிரண்டு மைக்ரான் பூச்சாக, பால் நிரம்பித் திரும்பி வந்தது. பால் தீர்ந்ததும் அது குப்பை. அதாவது, குப்பையாகியிருக்க வேண்டும்.

*

ஆனது பாட்டியின் வீட்டில் நடக்கவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். பால் டின்னுக்கு அங்கே இருந்த வேலைகளை விரல் விட்டு எண்ணிச் சொன்னார்: அரிசி அளக்க, எண்ணெய் மொள்ள, கோழிக்குத் தண்ணி வைக்க, மூடியில் துளை போட்டு மண்ணெண்ணெய் விளக்கு செய்ய, கம்பிப் பிடி வைத்துத் தேத்தண்ணி குடிக்க. நாலு காலன் மண்ணெண்ணெய் டின்னுக்குத் தனி மரியாதை. மேலே குறுக்குக் கட்டை அடித்தால் தண்ணீர் வாளி, வெட்டி விரித்தால் கூரைக்கு ஒட்டு, மூடி போட்டால் துணிப்பெட்டி. பெரிய ரொட்டி டின்னில்தான் பிறப்புப் பத்திரமும் சிவப்பு அடையாளக் கார்டும் இருந்தன.

“உப்பு, புளி மட்டும் டின்னுல வெக்கக்கூடாது. ஜாடியிலதான்.”

இதைக் கேட்டதும் பல்கலைக்கழகத்தில் படித்த அரிமானப் பாடம் நினைவுக்கு வந்தது. ஈயப் பூச்சு கீறாமல் இருக்கும் வரைதான் இரும்புக்குக் காவல். ஒரு கீறல் விழுந்துவிட்டால், வெளிக்காற்றும் ஈரமும் படும் இடத்தில், அதே ஈயம் இரும்பை இன்னும் வேகமாக அரிக்க வைக்கும். உப்பும் புளிப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நான் ஒரு செமஸ்டர் படித்ததை லயத்துப் பெண்கள் ஜாடியைப் பார்த்தே தெரிந்து வைத்திருந்தார்கள்.

பட்டணத்திலும் இதே கதைதான். கோப்பிக் கடைகளில் கெட்டிப்பால் டின் நாள்தோறும் காலியாகிக் குவியும். மூடியை முழுதாக அறுக்காமல் மடித்து, கயிறு கோத்து, அதிலேயே கோப்பியை ஊற்றிக் கட்டிக்கொடுப்பார்கள். பிளாஸ்டிக் பை வரும் வரைக்கும் ஈப்போவில் ‘புங்குஸ்’ என்றால் பால் டின்தான்.

இதையெல்லாம் சொன்னால் கேட்பவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். ‘அந்தக் காலத்து ஆளுங்க சிக்கனம்’ என்பது ஒன்று. ‘அப்பவே மறுசுழற்சி பண்ணியிருக்காங்க பாரு’ என்பது இன்னொன்று. இரண்டும் பாராட்டுத்தான். ஆனால் இரண்டிலும் லயம் இல்லை. வீடு தோட்டத்துடையது, நிலம் தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். கிளம்பச் சொன்னால் கையில் தூக்க முடிந்ததுதான் சொத்து. அப்படி வாழ்ந்தவர்களுக்கு, யாரும் திருப்பிக் கேட்காத பொருள் ஒன்று காலி டின். கங்காணி கேட்கமாட்டார், கிராணி கணக்கெழுதமாட்டார். அது முழுக்க முழுக்க அவர்களுடையது.

*

காலி டின்னின் மதிப்பு லயத்துக்கு வெளியேயும் ஒரு தரப்புக்குத் தெரிந்திருந்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகாமல் தடுப்பது 1951இல் அரசின் முக்கியமான போர்முறையானது. அரிசிக்குப் பங்கீடு. கம்பி வேலிக்கு வெளியே உணவு கொண்டுபோகத் தடை. டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி. ஓட்டை போட்ட டின் இரண்டு நாளில் கெட்டுவிடும், காட்டுக்குள் சேமித்து வைக்க முடியாது.

பாட்டிக்கு அப்போது எட்டு வயது. பால்மரம் வெட்டப் போன அவருடைய அம்மா பசியாறக் கட்டுச்சோறு கொண்டுபோக முடியாத காலம் அது. வாசல் கேட்டில் உடம்பைத் தடவிச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்களாம். கடையிலிருந்து பால் டின் வாங்கிவர இவரைத்தான் அனுப்புவார்கள். கடைக்காரர் ஆணியால் ஒரு குத்துக் குத்திக் கையில் கொடுப்பார். வீடு வந்து சேர்வதற்குள் பால் வழிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும். வழி நெடுக நக்கிக்கொண்டே வந்ததை இப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்.

“அந்த ஓட்ட டின்ன என்ன பண்ணுவீங்க பாட்டி?”

“வெளக்குத்தான். ஓட்ட போட்டது அவன். அதுல திரி போட்டது எங்கம்மா.”

அவசரகாலம் 1960இல் முடிந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. 1985 அக்டோபரில் லண்டன் சந்தையில் ஈய விலை சரிந்து, கிந்தாவில் எஞ்சியிருந்த சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் பாட்டி குடும்பம் லாரி ஏறிப் புந்தோங்குக்கு வந்தது. இன்று தஞ்சோங் துவாலாங்கில் ஈயக் கப்பலைச் சுற்றுலாத்தலமாக்கி வைத்திருக்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான், பிரம்மாண்டம். ஆனால் அந்த ஈயத்தை வீட்டில் வைத்துப் புழங்கியவர்களின் கதை அங்கே இல்லை. அது பாட்டியின் அரிசி வாளிக்குள் இருக்கிறது.

*

இப்போது என் பங்கு.

உணவுப் பெட்டிகளில் எங்கள் வேலை வருடா வருடம் ஒன்றேதான்: மெலிதாக்கு. சுவரில் 0.1 மில்லிமீட்டர் குறைத்தால் பெட்டிக்கு இவ்வளவு கிராம் பிளாஸ்டிக் மிச்சம், லட்சம் பெட்டிக்கு இவ்வளவு ரிங்கிட் மிச்சம். நானும் குறைத்துக் கொடுத்துப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு முறை சோறு வைக்கத் தாங்கினால் போதும் என்பதுதான் கணக்கு. இன்னொரு பக்கம் 2018இலேயே அரசாங்கம் 2030க்குள் ஒரு முறைப் பிளாஸ்டிக்கை ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தது. மறுபடி பயன்படுத்துங்கள் என்று நம்மிடம் சொல்கிறார்கள். மறுபடி பயன்படுத்த முடியாதபடி பெட்டி செய்யச் சொல்லி என்னிடம் கேட்கிறார்கள்.

அன்று சாயங்காலம் இரண்டு குப்பைப் பைகளையும் பிரித்தேன். காரிலிருந்த வெர்னியர் காலிப்பரை எடுத்து வந்து பெட்டிகளின் சுவரை அளக்க ஆரம்பித்தேன். பத்துப் பதினைந்து வருஷத்துப் பழைய பெட்டிகள் 0.8 மில்லிமீட்டருக்குப் பக்கம். அண்மையில் வந்தவை 0.5க்கும் கீழே, பலவற்றில் மூலை வெடித்திருந்தது. 1951இல் கடைக்காரர் ஆணியால் செய்ததை இப்போது அச்சிலேயே செய்துவிடுகிறோம். எந்தக் கேட்டிலும் யாரையும் சோதிக்க வேண்டியதில்லை.

பாட்டி கொஞ்ச நேரம் என்னையும் காலிப்பரையும் வேடிக்கை பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியையும் கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தி, வைப்பதை இடப்பக்கமும் எறிவதை வலப்பக்கமும் போட்டுக்கொண்டே வந்தார். நான் ஆறு பெட்டி அளப்பதற்குள் அவர் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். என் அளவுக்கும் அவர் விரலுக்கும் ஒரு பெட்டியில்கூட வித்தியாசம் வரவில்லை.

வலப்பக்கம் கிடந்தவை எல்லாம் புதியவை. அதில் நாலு, நான் வரைந்த அச்சில் வார்த்தவை.