வழுக்கும் கம்பமும் விளக்கெண்ணெயும்

வீட்டில் இரும்புக் கம்பம் நட்டு நடனம் பழகுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே புகார்: கம்பம் வழுக்குது, பிடி நிக்கல. இங்கே விழுப்புரத்தில் மல்லர் கம்பம் ஏறுகிறவர்களோ, ஏறுவதற்கு முன் கம்பத்தில் விளக்கெண்ணெய் தடவுகிறார்கள்! இது எப்படி சரியாகும்?

மல்லர் கம்பம் தேக்கு அல்லது ஈட்டி மரம். அடியில் பருத்து, மேலே போகப் போக மெலியும். வெறும் தொடையும் அக்குளும் அதில் வேகமாக உரசினால் தோல் பிய்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் எண்ணெய். விளக்கெண்ணெய் கெட்டியானது, நல்லெண்ணெய் மாதிரி ஓடிவிடாது. மெல்லிய பூச்சாக மரத்திலேயே நிற்கும்.

அப்படியானால் பிடி எங்கிருந்து வருகிறது? பள்ளியில் படித்த கணக்குதான்: உராய்வு விசை என்பது பரப்பின் தன்மையையும் அழுத்தும் விசையையும் பெருக்கி வருவது. எண்ணெய் முதலாவதைக் குறைக்கிறது. வீரர் தொடையாலும் கால் விரலாலும் இறுக்கி இரண்டாவதைக் கூட்டுகிறார். மல்லனுக்கு இந்தப் பயிற்சிதான் வேண்டும். வியர்த்து வழுக்கும் எதிராளியைப் பிடிக்கணுமே! கம்பம் அந்த எதிராளியின் இடத்தில் நிற்கிறது.

இதன் வரலாற்றைப் பற்றி நம்ம பக்கம் ஒரு பேச்சு உண்டு: மாமல்லன் காலத்திலேயே, அதாவது 7ஆம் நூற்றாண்டிலேயே, இது பல்லவர் கலை என்று. 'மாமல்லன்' என்ற பட்டம் மற்போருக்குச் சான்றாகலாம், கம்பத்துக்கு ஆகாது. மல்லர்கள் கம்பத்தில் பழகியதற்கான பழைய எழுத்துச் சான்றாகப் பொதுவாகக் காட்டப்படுவது, சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரனின் 'மானசோல்லாசம்', 12ஆம் நூற்றாண்டு. பிறகு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் குரு பாலம்பட்ட தேவதர் மராட்டியத்தில் இதற்குப் புத்துயிர் கொடுத்தார். நம் காலத்தில் விழுப்புரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்தவர் உலகதுரை. தமிழ்நாட்டு மல்லர் கம்பத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

சான்று இல்லை என்பதாலேயே பல்லவரிடம் இது இல்லவே இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது. மண்டகப்பட்டு குடைவரைக் கல்வெட்டில் மாமல்லனின் தந்தை மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை அமைத்ததாகப் பெருமையாகச் சொல்கிறான். கல்லில் செய்தது இன்றும் நிற்கிறது. மரக்கம்பம் 1,400 வருஷம் நிற்குமா? ஆக, பல்லவர் கதையை மறுக்க வேண்டாம், நிரூபணமான வரலாறாகப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் வேண்டாம்.

இப்போது வீட்டுக் கம்பம். தயவுசெய்து அதில் விளக்கெண்ணெய் தடவாதீங்க. அது வழவழப்பான உலோகம். பெரும்பாலும் 45 மில்லிமீட்டர் விட்டம்தான். அங்கே தோல் நேராக உலோகத்தில் ஒட்டினால்தான் பிடி. வியர்வையும் கிரீமும் நடுவில் படலமாக நிற்பதுதான் வழுக்கலுக்குக் காரணம். ஸ்பிரிட் தொட்ட துணியால் கம்பத்தைத் துடைத்து, உலர்ந்த பிறகு ஏறுங்கள். அன்றைக்கு உடம்புக்கு எண்ணெய், லோஷன் வேண்டாம். கம்பம் சில்லென்று இருந்தாலும் பிடி குறையும். கையால் தேய்த்துச் சூடாக்கலாம். கை வியர்த்தால் ஜிம்னாஸ்டிக் வீரர்கள் பூசும் சாக் பவுடர் உதவும். இவ்வளவுக்குப் பிறகும் வழுக்கினால் உங்கள் இறுக்கத்தில் பலம் போதவில்லை என்று அர்த்தம். உயரம் ஏறாமல், கீழே மெத்தை போட்டு, தரைக்குப் பக்கத்திலேயே பழகுங்கள்.