நரக குண்டமும் நாலு ஜோடி ஷூவும்

பதிவு எழுதி மூணு மாசத்துக்கு மேல ஆச்சு மக்களே. ஷிப்மென்ட் நேரம். வேலம்பாளையத்துல பனியன் கம்பெனில செக்கிங் டேபிள் பக்கம் நிக்கிறவனுக்கு ஷிப்மென்ட் நேரத்துல சோறு தண்ணியே கஷ்டம், இதுல பதிவு எங்க எழுதறது. ஆனா இந்த விஷயத்தை எழுதாம இருக்க முடியலை.

எல்லாத்துக்கும் காரணம் என் மச்சினன். ரெண்டு வேன் வச்சு நவக்கிரக டூர், ஆறுபடை வீடு டூர்னு ஓட்டிட்டு இருக்கான். போன ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தவன், காபி டம்ளரைக் கீழ வைக்கிறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டான்.

"மச்சான், கப்பல் டூர் போடலாம்னு இருக்கேனுங்க."

"ராமேஸ்வரமா?"

"இல்லீங்க. அந்தமான். அதுலயும் எல்லாரும் போற எடம் இல்லீங்க, எரிமலைத் தீவு. சின்னக் கப்பல், இருபதே பேரு. பறவை, டால்பின், எரிமலை. பிளாஸ்டிக் கிடையாது, ஏசி கம்மி. வெளிநாட்டுல இதுக்குத்தான் இப்ப கூட்டமாமுங்க. நீங்கதான் சரித்திரம் கிரித்திரம்னு படிக்கிறீங்களே, நோட்டீஸுக்கு நாலு வரி எழுதிக் குடுங்க."

நாலு வரி கேட்டான். எனக்கு நாலு மாசம் போயிடுச்சு. இத்தனைக்கும் நான் கப்பலே ஏறினதில்லை, ஹி ஹி.

சரி, விஷயத்துக்கு வருவோம். அவன் சொன்ன எரிமலைத் தீவுங்கறது பாரன் தீவு. போர்ட் பிளேருக்கு (2024ல பேரை ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க, எனக்கு இன்னும் வாயில வரலை) வடகிழக்கே 135 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கு. இந்தியாவுல இன்னிக்கும் உயிரோட இருக்கிற ஒரே எரிமலை. குறுக்களவு மூணு கிலோமீட்டர்தான், உயரம் 350 மீட்டர் சொச்சம். ஆனா அது வெறும் தலை. உடம்பு முழுக்கத் தண்ணிக்குள்ள, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஆழத்துல இருந்து எழும்பி நிக்குது. சுமத்ரா பக்கமிருந்து வர்ற அதே எரிமலை வரிசை. நம்ம நிலத்தட்டு பர்மா தட்டுக்குக் கீழ சொருகுற எடம். 2004 சுனாமியைக் கிளப்புன பூகம்பமும் இதே சொருகல்லதான் வந்துச்சு.

1787லயே அந்தப் பக்கம் போன ஆங்கிலேயர்கள் புகையைப் பாத்து எழுதி வச்சிருக்காங்க. 1789ல லெப்டினென்ட் ஆர்ச்சிபால்ட் பிளேர் (போர்ட் பிளேருக்குப் பேர் குடுத்த அதே ஆள்தான்) கிட்டப் போய்ப் பாத்திருக்கார். மூணு நாலு டன் எடை இருக்கும்னு அவர் மதிப்புப் போட்ட பாறைகளை அது தூக்கி எறிஞ்சுட்டு இருந்துச்சாம். 1800களோட தொடக்கத்துல ஒரு ஆட்டம் ஆடிட்டு அப்புறம் அடங்கிடுச்சு. நூறு வருஷத்துக்கு மேல சத்தமே இல்லை. செத்துப்போச்சுன்னு நினைச்சப்போ 1991ல திரும்ப எந்திரிச்சுது. அப்புறம் 1994-95, 2005ன்னு வரிசையா. 2017 ஜனவரியில கோவா கடலாய்வு நிறுவன விஞ்ஞானிகள் அந்தப் பக்கம் மண்ணு சேகரிக்கப் போனவங்க, கண்ணு முன்னாடி சாம்பல் கக்குறதைப் பாத்தாங்க. 2025 செப்டம்பர்லயும் லேசாக் கக்கியிருக்கு.

இந்தத் தீவைப் பொறுத்தவரைக்கும் மச்சினன் திட்டத்துல பெருசா வில்லங்கம் இல்லை. கப்பல்ல இருந்தபடியே பாத்துட்டு வரலாம். இறங்க வனத்துறை விடாது. எரிமலையும் தன்னைத்தானே காப்பாத்திக்கும் :-)

பிரச்சனை அடுத்த தீவுலதான். நார்கொண்டம்.

பாரன் தீவுல இருந்து இன்னும் வடக்கே தள்ளி, தன்னந்தனியா நிக்குற தீவு. பரப்பளவு ஏழு சதுர கிலோமீட்டர் கூட வராது. இதுவும் எரிமலைதான், ஆனா தூங்கிடுச்சு. 710 மீட்டர் உயரத்துக்குக் காடு மூடிக் கெடக்கு. இந்தப் பேரு 'நரக குண்டம்'ங்கறதுல இருந்து வந்திருக்கலாம்னு ஒரு ஊகம் உண்டு. பச்சைப் பசேல்னு இருக்கிற தீவுக்கு ஏன் நரகம்னு பேரு? பக்கத்துல நெருப்புக் கக்குற பாரன் தீவோட பேரு எப்பவோ வரைபடத்துல எடம் மாறி உக்காந்துடுச்சுன்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு இந்தக் கதை ரொம்பப் புடிச்சுப் போச்சு. மச்சினனுக்கு அதைவிட. "நரக குண்டத்தில் ஒரு நாள்"னு நோட்டீஸுக்குத் தலைப்பே வச்சுட்டான்.

இந்த ரெண்டு தீவையும் சுத்திக் கப்பல்ல போய்ப் பறவை பாக்குற யோசனை மச்சினனுக்கு முன்னாடியே ஒருத்தருக்கு வந்திருக்கு. 1873 மார்ச்சுல. ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆமாங்க, ஸ்கூல் புத்தகத்துல 1885ல காங்கிரஸை ஆரம்பிச்சார்னு படிச்சோமே, அவரேதான். அரசாங்கத்துல பெரிய செயலாளர் உத்தியோகம், ஆனா மனசு பூராவும் பறவைதான். கூட ஸ்டோலிச்காங்கற நிலவியல்காரர், கல்கத்தா மியூசியத்துல இருந்து வுட்-மேசன்னு ஒரு கூட்டத்தோட அந்தமான், நிகோபார் தீவுகளைச் சுத்தியிருக்காங்க. ஸ்டோலிச்கா பாவம், அடுத்த வருஷமே லடாக்ல மலை உயரம் ஒத்துக்காம செத்துப்போனார்.

அப்ப பறவை பாக்குறதுன்னா பைனாகுலர் இல்லை, துப்பாக்கி. சுட்டு, தோலை உரிச்சு, பஞ்சு அடைச்சு, பேரு எழுதி வைக்கணும். நார்கொண்டத்துல இருந்து வந்த ஒரு இருவாச்சி, உலகத்துல வேற எங்கயும் இல்லாததுன்னு தெரிஞ்சு, அந்த வருஷமே ஹியூம் அதுக்குத் தீவோட பேரையே வச்சார். நார்கொண்டம் இருவாச்சி.

வால்பாறை பக்கம் போனவங்க பெரிய இருவாச்சியைப் பாத்திருப்பீங்க, பறக்கும்போது ரயிலு இஞ்சின் மாதிரி இறக்கைச் சத்தம் கேக்கும். நார்கொண்டத்துது அதுக்குத் தம்பி, உருவத்துல சின்னது. ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணுக்கு அதே எடம் கருப்பு. குடும்பம் நடத்துற விதம் மத்த இருவாச்சி மாதிரியேதான். பெட்டை மரப்பொந்துக்குள்ள போய் வாசலை அடைச்சுக்கும், அலகு நுழையற அளவுக்கு ஒரு சந்து மட்டும் விட்டு. ஆண் பழம் கொண்டாந்து ஊட்டணும். ஆணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உள்ள இருக்கிறதும் குஞ்சும் அதோகதி. அந்தப் பழத்துல பாதிக்கு மேல அத்தி வகைதான். கொட்டையைத் தூவிக் காட்டை வளக்குறதும் இந்தப் பறவைதான். ஏழு சதுர கிலோமீட்டருக்குள்ள மொத்த இனமும். வேற ஊர்ல சொந்தக்காரன் கிடையாது.

ஹியூம் கதையைப் பாதியில விட மனசு வரலை. இருபது வருஷம் சேத்து வச்ச பறவைக் குறிப்பு, கையெழுத்துப் பிரதியெல்லாம் சிம்லா வீட்டுல இருந்துச்சு. 1880களோட நடுவுல அவர் ஊர்ல இல்லாத நேரம் பாத்து வேலைக்காரங்க அதைப் பழைய பேப்பர் விலைக்குப் போட்டுட்டாங்க. மனுஷன் மனசு ஒடிஞ்சு, சேத்து வச்ச 82,000 சொச்சம் மாதிரிகளையும் லண்டன் மியூசியத்துக்குக் குடுத்துட்டு, பறவைப் பக்கமே திரும்பலை. காங்கிரஸ் ஆரம்பிச்சதும் அதே 1885.

நிற்க. நம்ம பக்கத்து ஆள் ஒருத்தரைப் பத்திச் சொல்லியாகணும். கோயமுத்தூர் ஆனைகட்டில சலீம் அலி பறவையியல் மையம் இருக்கில்லீங்களா, அங்க ரவி சங்கரன்னு ஒருத்தர் இருந்தார். 1998ல நார்கொண்டத்துல தங்கி, ஏறி இறங்கி இருவாச்சியை எண்ணினார். 295ல இருந்து 320 இருக்கும்னு கணக்குச் சொன்னார். அந்தத் தீவுல 1960களோட கடைசியில இருந்து ஒரு போலீஸ் காவல் சாவடி உண்டு. அங்க சாப்பாட்டுக்குன்னு 1976ல ரெண்டு ஜோடி ஆடு விட்டிருக்காங்க. ரெண்டே ஜோடி! அவர் போறப்போ அது நூத்துக்கும் மேல பெருகி, முளைக்கிற செடியையெல்லாம் மேஞ்சுட்டு இருந்துச்சு. செடி வரலைன்னா நாளைக்கு மரம் வராது, மரம் இல்லைன்னா பொந்து இல்லை. ஆட்டை எடுக்கணும்னு எழுதினார். பிற்பாடு எடுத்தாங்க. அவர் 2009 ஜனவரியில மாரடைப்புல போயிட்டார். அம்பது வயசு கூட ஆகலை.

2012ல கடலோரக் காவல்படை அங்க ரேடார் வைக்க எடம் கேட்டப்போ, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்த நம்ம ஜெயந்தி நடராஜன் முடியாதுன்னுட்டாங்க. கேட்டது ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. 2014ல ஆட்சி மாறினதும் அனுமதி கிடைச்சுது. நாட்டுப் பாதுகாப்பா பறவையான்னு அப்ப நடந்த வாதத்துல ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சுன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா டூருக்கு அந்தக் காரணமும் கிடையாதே!

2020ஐ ஒட்டி மைசூர் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆராய்ச்சியாளர்கள் வேற முறையில எண்ணினாங்க. ஆயிரத்தை ஒட்டி வருதுன்னாங்க. நல்ல சேதி. ஆயிரம்னாலும் எங்க கம்பெனில ரெண்டு ஷிஃப்டு ஆளுங்க எண்ணிக்கைதான்.

இதையெல்லாம் மச்சினன்கிட்டச் சொன்னேன். "இருபது பேரு, அரை நாள். அதுக்குப் போய் என்னங்க மச்சான் ஆயிடப் போவுது?"ன்னான்.

லார்ட் ஹோவ் தீவுக் கதையைச் சொன்னேன். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்க இருக்கிற எரிமலைத் தீவு. 1918ல மகாம்போன்னு ஒரு கப்பல் அங்க தரை தட்டுச்சு. அதுல இருந்து எலி இறங்குச்சு. கொஞ்ச வருஷத்துல அஞ்சு வகைப் பறவை பூண்டோட போச்சு. அந்த எலியை ஒழிக்க 2019ல தீவு முழுக்க மருந்து வைக்க வேண்டியதாச்சு. கலாபகோஸ்ல இப்படிப் பயந்துதான் கப்பலுக்கு நூறு பேருக்கு மேல கூடாது, பதினாறு பேருக்கு ஒரு வழிகாட்டி, ஒரே எடத்துக்கு அதே கப்பல் பதினாலு நாளைக்குள்ள திரும்ப வரக்கூடாதுன்னு சட்டம் வச்சிருக்காங்க. அங்க அதைப் பாத்துக்க ஆள், படகு, பணம் எல்லாம் இருக்கு. நார்கொண்டத்துல யார் ஷூவைக் கழுவிட்டு இறங்கச் சொல்றது? ஷூல ஒட்டிட்டு வர்ற விதையை யார் பொறுக்கறது?

அவன் மசியலை. "ஒரே ஒரு கப்பல்தானுங்க"ன்னான்.

அப்பதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. எங்கப்பா சாயப்பட்டறையில இருபத்திரண்டு வருஷம் வேலை செஞ்சவர். நொய்யல்ல கலர் கலராத் தண்ணி ஓடுனப்போ ஒவ்வொரு பட்டறைக்காரரும் சொன்ன அதே வார்த்தை, "நம்ம ஒரு பட்டறைதானே". ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாச்சு. 2011 ஜனவரியில ஹைகோர்ட்டு மொத்தத்தையும் மூடச் சொல்லி, ஊரே வேலையில்லாம உக்காந்துச்சு. அப்பாவும்தான். மச்சினன் வீட்டுலயும் அந்த வருஷம் தீபாவளி கிடையாது.

"மாப்ளே, ஒரே ஒரு பட்டறைன்னு உங்கப்பாரு சொல்லி நானே கேட்டிருக்கேன்டா" அப்படின்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். கோவமா வருத்தமான்னு தெரியலை. அக்காகிட்ட மட்டும் சொல்லிட்டுக் கிளம்பிட்டான்.

ரெண்டு வாரம் கழிச்சு நோட்டீஸ் அனுப்பியிருந்தான். தலைப்பு மாறி இருந்துச்சு. பாரன் தீவு மட்டும், இறங்குறது இல்லை, நங்கூரம் பவளப்பாறை மேல போடக்கூடாதுன்னு கப்பல்காரங்ககிட்ட எழுதி வாங்கணும்னு ஒரு வரி. நார்கொண்டம் அடிச்சிருந்தான். கப்பல்தான் இன்னும் அமையலை. கேக்குற அட்வான்ஸ் ரெண்டு வேனையும் வித்தாலும் பத்தாது.

இதுக்கு நடுவுல எங்கக்கா பையனும் அவனும் நஞ்சராயன் குளத்துக்குப் போயிட்டு வந்திருக்காங்க. நம்ம ஊருப் பக்கத்துல இருக்கிற குளந்தான், 2024ல ராம்சர் பட்டியல்ல சேந்துச்சு. போட்டோ அனுப்பி, "இது என்ன பறவைங்க மச்சான்?"னு கேட்டிருந்தான். எனக்கும் தெரியலை. புத்தகம் எடுத்துப் பாத்துட்டு இருக்கேன்.

டிஸ்கி: தலைப்புல ஷூ ஏன்னு கேப்பீங்க. நார்கொண்டத்துல நடக்கத் தோதா இருக்கும்னு மச்சினன் முதல் நாளே நாலு ஜோடி வாங்கிட்டான். ஒண்ணு என் சைஸு. இப்ப அதைப் போட்டுட்டுத்தான் கம்பெனிக்குப் போயிட்டு இருக்கேன்.