தனுஷ்கோடியில் ஒரு பகல்

நாமக்கல்லில் இருந்து ஓய்வூதியர்கள் பதினாறு பேர் வேனில் ராமேஸ்வரம் போய் வந்தோம். கோயில் பிரகாரம், 22 தீர்த்தம் எல்லாம் பலரும் எழுதியாயிற்று, விட்டுவிடுகிறேன்.

தனுஷ்கோடியில் இருபுறமும் உப்புக்கடல். நடுவே மணலைத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறுகிறது. குடிசைக் கடையில் மீன் வறுவலோடு சோறு சாப்பிட்டோம். சைவக்காரர்கள் நால்வருக்கு வேனிலேயே மோர்சாதம்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூர் போட் மெயில் இதுவரை வந்தது. இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார். நம் பக்கத்துச் சனம் தேயிலைத் தோட்டத்துக்குப் போன வழி இதுதான். அதற்கு முன் மண்டபம் முகாமில் வைத்து, நோய் இல்லை என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒத்துக்கொண்டது. அவர்கள் வருவதற்குள், அதே டிசம்பர் 22 இரவு, புயல் ஊரையும் ரயிலையும் கொண்டுபோய்விட்டது. பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விடவில்லை. திரும்பியவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி அதே மண்டபம் முகாமுக்குப் போனார்கள்.

எங்களில் ஒருவர் கண்டிப் பக்கம் பிறந்து, பத்து வயதில் அப்படி வந்து இறங்கியவர். இடிந்த தேவாலயத்தைப் பார்க்க அவர் வரவில்லை. தலைமன்னார் எந்தப் பக்கம் என்று மீன்கடை அம்மாவிடம் கேட்டார். அந்தம்மா கையிலிருந்த கரண்டியாலேயே காட்டினார்.