சான் பெட்ரோவின் மூவர்

லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தை ஒட்டிய சான் பெட்ரோ, தொழிலாளர்களின் ஊர். மினிட்மென் என்ற பங்க் ராக் குழு அங்கே 1980இல் உருவானது. கிட்டார் வாசித்துப் பாடியவர் டி. பூன், பேஸ் கிட்டார் மைக் வாட், டிரம்ஸ் ஜார்ஜ் ஹர்லி.

பூனும் வாட்டும் பதின்மூன்று வயதிலிருந்தே நண்பர்கள். மரத்திலிருந்த பூன், கீழே போன வாட்டை வேறொரு பையன் என்று நினைத்து அவர்மேல் குதித்ததில் தொடங்கிய பழக்கம் அது. வாட் பேஸ் வாசிக்கட்டும் என்று முடிவு செய்தவர் பூனின் அம்மா. அந்த அம்மாவுக்கு ராக் இசை உலகம் கடன்பட்டிருக்கிறது.

அன்றைய ராக் மேடையில் கிட்டார்தான் ராஜா. பேஸ் பின்னால் முணுமுணுக்கும். பூன் தன் கிட்டாரில் அடிக்குரலை வெட்டிவிட்டு, கீச்சென்ற மேல்சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டார். ஃபங்க், ஆர் அண்ட் பி கலைஞர்களிடம் கற்ற வழி இது. காலியான இடத்தில் வாட்டின் பேஸ் துள்ளி ஓடியது, ஹர்லியின் தாளம் தெளிவாகக் கேட்டது. மேடையில் மூவரும் சமம் என்பது அவர்களுக்கு அரசியல் கொள்கை. பங்க்கின் வேகமும் ஃபங்க்கின் துள்ளலும் அந்தக் கொள்கையில்தான் கைகோத்தன.

பாடல்களோ மிகச் சின்னவை. பல ஒரு நிமிடத்தைச் சுற்றியே நின்றன. கிட்டார் நறுக்கென்று வெட்டும், பேஸ் சுற்றி வளைத்து ஓடும், பல்லவி திரும்பி வருமென்று காத்திருக்கும்போதே பாட்டு முடிந்திருக்கும். முதல் இசைத்தட்டான ‘பாரனாய்ட் டைம்’ ஏழு பாடல்களை ஏழு நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறது.

சிக்கனம் அவர்கள் வாழ்க்கை முறை. சொந்த வேனில் ஊர் ஊராகப் போய், சாமான்களைத் தாங்களே சுமந்தார்கள். 1984இல் எஸ்எஸ்டி நிறுவனம் வெளியிட்ட ‘டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்’ 40க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட இரட்டைத் தட்டு. பதிவுச் செலவு ஏறக்குறைய 1,100 டாலர். ஜாஸ், கிராமிய இசை, வியட்நாம் போர் என எல்லாம் அதில் இருக்கிறது. அமெரிக்க பங்க்கில் இவ்வளவு தாராளமான தட்டு வேறில்லை.

1985 டிசம்பர் 22 அன்று அரிசோனாவில் நடந்த வேன் விபத்தில் பூன் இறந்தார். வயது 27. மினிட்மென் அதோடு முடிந்தது. இசையே வேண்டாமென்று ஒதுங்கிய வாட்டை, ஒஹாயோவிலிருந்து தேடி வந்த எட் கிராஃபர்ட் என்ற ரசிகர் மீண்டும் வாசிக்க வைத்தார். ஹர்லியும் சேர, ஃபயர்ஹோஸ் குழு பிறந்தது.

ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் 1991இல் வெளியிட்ட ‘பிளட் ஷுகர் செக்ஸ் மேஜிக்’ பல லட்சம் வீடுகளுக்கு ஃபங்க் கலந்த ராக்கைக் கொண்டுபோனது. அதை அவர்கள் மைக் வாட்டுக்குச் சமர்ப்பித்தார்கள்.