பி.டி. கத்தரி

பி.டி. கத்தரி என்பது தண்டு மற்றும் காய்த் துளைப்பான் புழுவை எதிர்க்குமாறு மரபணு மாற்றம் செய்யப்பட்ட கத்தரி வகையாகும். இந்தியாவில் வணிகப் பயிரிடலின் வாயில் வரை வந்த முதல் மரபணு மாற்ற உணவுப் பயிர் இதுவாகும். இதன் வெளியீட்டை நடுவண் அரசு 2010 பெப்ரவரி 9 அன்று நிறுத்தி வைத்தது.

செயற்படும் முறை

மண்ணில் வாழும் பாசில்லசு துரிஞ்சியென்சிசு என்னும் பாக்டீரியாவின் கிரை1ஏசி மரபணு கத்தரியில் சேர்க்கப்படுகிறது. அதனால் செடியில் உருவாகும் புரதம், புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் நச்சாக மாறி அதனைக் கொல்கிறது.

தமிழ்நாட்டின் பங்கு

மகிக்கோ நிறுவனம் இத்தொழில்நுட்பத்தை உருவாக்கியது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதனைப் பெற்று, கோ 2, எம்.டி.யு 1, கே.கே.எம் 1, பி.எல்.ஆர் 1 ஆகிய இரகங்களில் புகுத்தியது. இவை கலப்பினங்கள் அல்ல என்பதால் உழவர்கள் விதையைச் சேமித்து மீண்டும் விதைக்க இயலும்.

வாதங்கள்

காய்த்துளைப்பானைக் கட்டுப்படுத்த உழவர்கள் பலமுறை பூச்சிக்கொல்லி தெளிக்கின்றனர். இது குறையும் என்பது ஆதரவாளர் கூற்று. மாந்தரின் இரைப்பை அமிலத்தன்மை உடையது என்பதால் இப்புரதம் தீங்கு செய்யாது என்றும் அவர்கள் கூறினர்.

பாதுகாப்புச் சோதனைகளில் பெரும்பாலானவை நிறுவனத்தின் சார்பிலேயே நடத்தப்பட்டன என எதிர்ப்பாளர்கள் சுட்டினர். கத்தரியின் தாயகங்களுள் ஒன்றான இந்தியாவில், அயல் மகரந்தச் சேர்க்கையால் நாட்டு வகைகள் மாசுறக்கூடும் என்றும் அஞ்சினர். தமிழ்நாட்டில் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் (1938–2013) மரபணு மாற்றப் பயிர்களுக்கு எதிராகப் பரப்புரை செய்தார்.

கருத்துக்கேட்பும் முடிவும்

மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபர் 14 அன்று பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் அளித்தது. எனினும் சுற்றுச்சூழல் அமைச்சர் செய்ராம் இரமேசு, 2010 சனவரி 13 முதல் பெப்ரவரி 6 வரை ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். நான்கு இரகங்கள் உருவான தமிழ்நாட்டில் கூட்டம் எதுவும் நடைபெறவில்லை. செங்கற்பட்டு, மாமல்லபுரம் பகுதி உழவருக்கு அண்மையிலிருந்தவை பெங்களூரு, ஐதராபாத்துக் கூட்டங்களே. அறிவியலாளரிடையே ஒருமித்த கருத்தின்மை, மாநிலங்களின் எதிர்ப்பு, தற்சார்பான சோதனைகளின் தேவை ஆகியவற்றைக் காரணம் காட்டி அமைச்சர் வெளியீட்டை நிறுத்தினார். இது நிலையான தடை அன்று. போதிய சான்று கிட்டும் வரையிலான நிறுத்தமாகும்.

பிந்தைய நிகழ்வுகள்

உள்ளூர்க் கத்தரி வகைகளை உரிய ஒப்புதலின்றிப் பயன்படுத்தியதாகக் கூறி, சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையம் 2011 இல் மகிக்கோ மீது சட்ட நடவடிக்கை எடுக்க முடிவு செய்தது. வங்காளதேசம் 2013 இல் பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் அளித்து, 2014 இல் உழவர்களுக்கு நாற்றுகளை வழங்கியது. மரபணு மாற்றக் கடுகு வழக்கில் 2024 சூலை 23 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். ஆயினும் மாநிலங்கள், உழவர் பிரதிநிதிகள் உள்ளிட்டோரைக் கலந்து தேசியக் கொள்கை வகுக்கப்பட வேண்டும் என்பதில் இருவரும் உடன்பட்டனர். இந்தியாவில் வணிக முறையில் பரவலாகப் பயிரிடப்படும் மரபணு மாற்றப் பயிர், 2002 இல் ஒப்புதல் பெற்ற பி.டி. பருத்தி மட்டுமே.