சிங்கூரில் கணக்கில் வராதவங்க

நிலம் எடுப்பு பத்திப் பேச்சு வந்தாலே, "அதான் நஷ்டஈடு குடுக்கறாங்களே, அப்புறம் என்ன?"ன்னு ஒரு குரல் வரும். நானும் ஒரு காலத்துல அப்படிக் கேட்டவன்தான். தொகையை எப்படிக் கணக்குப் போடறாங்கன்னு படிச்சப்புறம் கேட்கறதை விட்டுட்டேன்.

வெள்ளைக்காரன் 1894-ல் போட்ட நில எடுப்புச் சட்டம்தான் 2013 வரைக்கும் நடைமுறையில் இருந்தது. முதல் அறிவிப்பு வந்த தேதியில் என்ன சந்தை விலையோ அதுதான் அடிப்படை. அந்த விலையைப் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பத்திரங்களை வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து நம்மாளுங்க பத்திரத்துல விலையைக் குறைச்சு எழுதறது ஊரறிஞ்ச ரகசியம். (அந்தப் பாவம் கடைசியில விவசாயி தலையில!) சரி, தொழிற்சாலை வந்தா நிலத்து மதிப்பு ஏறுமே? அதைச் சேர்க்கவே கூடாதுன்னு 24-வது பிரிவு சொல்லுச்சு. கட்டாயமா எடுக்கறதுக்கு ஆறுதல் தொகை 15 சதவீதம். 1984-ல் அது 30 ஆச்சு.

இந்தச் சட்டத்தை வச்சுத்தான் 2006-ல் மேற்கு வங்கத்துச் சிங்கூரில் டாடாவோட நானோ காருக்காக 997 ஏக்கர் எடுத்தாங்க. நெல்லும் உருளைக்கிழங்கும் விளையற பூமி. எடுத்தது யாரு? 1978-ல் 'ஆபரேஷன் பர்கா' நடத்தி, வாரத்துக்கு உழுதவங்க பேரைப் பதிவு செஞ்சு உரிமை குடுத்த அதே இடதுசாரி அரசு. எனக்கு ஆறாதது இதுதான். பதிவு செஞ்ச வாரதாரருக்கு நில விலையில் 25 சதவீதம்னாங்க. கூலிக்குப் போனவங்க பேர் எந்தப் பத்திரத்துலயும் கிடையாது.

போராட்டம் வலுத்து, 2008 அக்டோபரில் டாடா குஜராத்துச் சனந்துக்குப் போயிடுச்சு. 2016 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம், எடுத்ததே செல்லாது, நிலத்தைத் திருப்பிக் குடுங்கன்னு சொல்லுச்சு. பணம் வாங்கினவங்க அதைத் திருப்பித் தர வேண்டாம், பத்து வருஷப் பிழைப்பு போயிருக்கேன்னும் சொன்னாங்க. அந்த வரியைப் படிச்சப்ப நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனா திரும்பி வந்தது வயலா? பல இடத்துல கான்கிரீட்டு.

2023-ல் நடுவர் தீர்ப்பாயம், முதலீடு போனதுக்காக டாடா மோட்டார்ஸுக்கு 765.78 கோடியும் வட்டியும் குடுக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. கம்பெனிகிட்ட செலவுக் கணக்கு இருந்தது. களை எடுத்த அம்மாகிட்ட கூலிக்கு ரசீது ஏதுங்க?

2013-ல் வந்த புதுச் சட்டம், மூணு வருஷமா அந்த நிலத்தை நம்பிப் பிழைச்ச குத்தகைதாரர், கூலியாட்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம்னு ஏத்துக்குது. அமலுக்கு வந்தது 2014 ஜனவரி 1. சிங்கூர் கூலிக்காரங்களுக்கு ஏழு வருஷம் லேட்டு.