ஒரு ஷரத்தும் ஒரு குரலும்

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 1963 என்றால் பாடகி எடித் பியாஃப் மறைந்த ஆண்டு. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவும் ஒரு பெரிய பாடகியை இழந்தது. அவர் பெயர் பேட்சி கிளைன். வயது 30 தான்.

அவர் பாடியது 'கன்ட்ரி' என்ற வகை இசை. அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமத்து மக்களிடம் வளர்ந்த பாட்டு அது. பேட்சி 1932-ல் வர்ஜீனியா மாநிலத்து வின்செஸ்டரில் பிறந்தார். தகப்பனார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாயார் தையல் வேலை செய்தார். மகள் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு, பகலில் மருந்துக்கடையில் சோடா, ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுத்தார். இரவில் மேடை ஏறிப் பாடினார். மேடைக்குப் போட்ட உடுப்புகள் எல்லாம் தாயார் தைத்தவை.

1954-ல் ஃபோர் ஸ்டார் என்ற இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். நிறுவனம் உரிமை வைத்திருக்கும் பாட்டுகளை மட்டுமே அவர் பதிவு செய்யலாம் என்று அதில் ஒரு ஷரத்து. ஆயுள் முழுக்க கோப்பு பார்த்தவன் என்பதால் என் கண் அங்கேதான் போய் நின்றது. பாட்டு எப்படி இருந்தாலும் உரிமைப் பணம் நிறுவனத்துக்கே வந்துசேரும் ஏற்பாடு அது.

அந்த ஒப்பந்தத்தில் சுமார் 50 பாட்டுகள் பாடினார். பெரிதாக ஓடியது ஒன்றே ஒன்று. 1957 ஜனவரியில் ஆர்தர் காட்ஃப்ரேயின் தொலைக்காட்சிப் போட்டியில் பாடி வென்ற 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்'. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் அமையவில்லை.

1960-ல் ஒப்பந்தம் முடிந்தது. டெக்கா நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி. பழைய பதிவுகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவரும் இவரே. அதே குரல், அதே ஆள். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் மட்டும் புதிது. 1961-ல் 'ஐ ஃபால் டு பீசஸ்' கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது.

அந்தப் பாட்டு மேலே ஏறிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில் நாஷ்வில் நகரில் கார் விபத்து. நெற்றியில் பலத்த காயம், விலாவிலும் அடி. ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்தார். ஆகஸ்டில் ஊன்றுகோலோடு ஒலிப்பதிவுக்கு வந்தார். வில்லி நெல்சன் எழுதிய 'கிரேசி' பாட்டு. விலா வலியால் மேல் ஸ்தாயி எட்டவில்லை. சில வாரம் கழித்து மறுபடியும் வந்து பாடி முடித்தார். இன்றும் அவர் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பாட்டுதான்.

1963 மார்ச்சில், விபத்தில் இறந்த ஒரு வானொலி அறிவிப்பாளரின் குடும்பத்துக்கு உதவ கான்சஸ் சிட்டியில் ஒரு கச்சேரி. அதில் பாடிவிட்டு 5-ம் தேதி திரும்புகையில், டென்னஸ்ஸியில் கேம்டன் அருகே மோசமான வானிலையில் சிறு விமானம் விழுந்தது. விமானத்தை ஓட்டிய அவருடைய மேலாளர், உடன் வந்த இரண்டு பாடகர்கள் எவரும் பிழைக்கவில்லை. வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். 1973-ல் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. தனிப் பாடகியாக அங்கே இடம்பெற்ற முதல் பெண் அவர்.

விமானம்தான் அவர் காலத்தைச் சுருக்கியது என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பதிவு 1955, மரணம் 1963. அந்த எட்டு ஆண்டில் ஐந்தை ஒப்பந்தம் எடுத்துக்கொண்டது. மனதுக்குப் பிடித்ததைப் பாட அவருக்குக் கிடைத்தது இரண்டேகால் வருடம். இன்று உலகம் கேட்கும் அவருடைய பாட்டுகளில் பெரும்பாலானவை அந்த இரண்டேகால் வருடத்தில் பிறந்தவை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏதாவது ஒரு தாளில் கையெழுத்துப் போடப் போனால், இந்தக் கதையைச் சொல்லி, ஷரத்துகளை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள்.